சல்லிக்கல்லில் வெள்ளைச் சுருள்: முதல் ஓடுகள் எப்படிக் கட்டப்பட்டன? (சுங்கை சிப்புட் இழை)

கித்தாக்காட்டான்:

எங்கள் சுங்கை சிப்புட்டின் (மலேசியாவின் பேராக் மாநிலம்) பேரிலேயே சிப்புட், அதாவது மலாயில் நத்தை, இருக்கிறது. ஆனால் இங்கே நத்தை ஓட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு நேரே சம்பாலுக்குப் போய்விடும். அதனால் தனி இழையாகவே திறக்கிறேன்.

தோட்டத்து மண்சாலைக்குக் கொட்டுகிற சுண்ணாம்புக்கல் சல்லியை மழை கழுவிய பிறகு பார்த்தால், சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைச் சுருள்கள் தெரியும். சில 1 செ.மீ., சில கட்டைவிரல் பருமன். நத்தை இனத்தின் குறுக்குவெட்டு என்பது வரை சரி. எனக்கு வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று, இந்தக் கல்லில் ஓட்டின் உள்ளமைப்பு, அதாவது படிகங்கள் அடுக்கப்பட்ட விதம், இன்னும் இருக்குமா? இரண்டு, நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் முதல் ஓடு முத்துப்படலத்தால் (முத்துச்சிப்பியின் உட்புறம் மினுங்குகிற, நுண்ணிய வில்லைகள் அடுக்கிய படலம்) ஆனது என்று பழைய பாடநூல்களில் இருக்கிறதே, அது இன்னும் நிற்கிறதா? மூன்று, எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல், கையில் இருப்பதை வைத்து இதில் எவ்வளவு தூரம் போகலாம்?

லம்பத்துமேடு:

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இருக்காது. ஏன் இல்லை என்பதுதான் சுவையான பகுதி.

கிந்தா பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக்கல் பழைய கடலடிச் சேறு. பெரும்பகுதி டெவோனியன் முதல் பெர்மியன் வரையான, டைனோசர்களுக்கு முந்திய காலங்களில் படிந்தது. பிறகு டிரையாசிக் காலத்தில் பக்கத்திலேயே கருங்கல் குழம்பு ஏறி வந்து கல்லை வேகவைத்தது. அதே சூட்டில்தான் ஈயமும் (வெள்ளீயம்) வந்தது. ஈயத்தால் ஊருக்குச் சோறு கிடைத்தது, தொல்லுயிர்களுக்கு வினை வந்தது. கருங்கல்லை ஒட்டிய இடங்களில் சுண்ணாம்புக்கல் பளிங்காகிவிட்டது. அதில் சர்க்கரைக் கட்டி போல மினுங்கும் மணிகளைத் தவிர வேறெதுவும் தேடாதீர்கள். வேகாத இடங்கள் தெற்கே சில உண்டு. காம்பார் பக்கத்து ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) கிடைத்த பெர்மியன் நத்தைகளையும் கைட்டன் என்ற தட்டோட்டு மெல்லுடலிகளையும் ரோஜர் பேட்டன் 1972 முதல் பகுதி பகுதியாக விவரித்தார். உலகப் பெர்மியன் நத்தைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காம்பாரைத் தாண்டிப் போக முடியாது.

இப்போது உங்கள் வெள்ளைச் சுருள். நத்தை ஓடு அநேகமாக அரகோனைட். கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே சரக்குதான், இரண்டுமே கால்சியம் கார்பனேட். அணுக்கள் அடுக்கிய விதம் மட்டும் வேறு. பூமியின் மேற்பரப்பு அழுத்தத்தில் அரகோனைட் நிலையற்றது. புதைந்த பிறகு நிலத்தடி நீர் அதைக் கரைத்துவிடும். கரைந்த வெற்றிடத்தில் கால்சைட் பெரிய பெரிய மணிகளாக வந்து நிரம்பும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அந்த நிரப்புதான், ஓடு அல்ல. வீடு இடிந்த இடத்தில் சிமெண்ட் ஊற்றியது போல: வெளிக்கோடு சரியாக இருக்கும், உள்ளே ஒரு செங்கல்கூட இருக்காது.

இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். கல்லை நனைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஓடு இருந்த இடத்தில் கண்ணுக்கே தெரியும் பளபளப்பான மணிகள் தாறுமாறாக நின்றால், அது முன்பு அரகோனைட். நத்தையாகவோ பெரும்பாலான சிப்பிகளாகவோ இருந்தது. ஓட்டின் பரப்புக்கு இணையாக மெல்லிய நார்களோ தாள்களோ தெரிந்தால், அது முதலிலேயே கால்சைட், பெரும்பாலும் பிராக்கியோபாட். வெளிப்பார்வைக்குச் சிப்பி போலவே இருக்கும், ஆனால் மெல்லுடலி அல்ல. சல்லிக்கல்லில் 'சிப்பி' என்று பொறுக்கி எடுப்பதில் இந்தக் குழப்பம்தான் அதிகம்.

இன்னொரு விஷயம்: சாலையில் கொட்டிய சல்லியைப் பொறுக்குவது வேறு, மலையில் சுத்தியல் வைப்பது வேறு. லங்காவி 2007 முதல் யுனெஸ்கோ புவிப்பூங்கா, அங்கே ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.

ஆற்றோரம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

கேம்பிரியன் காலம் ஏறக்குறைய 53 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதன் முதல் சில கோடி ஆண்டுகளில் சைபீரியா, சீனாவின் யுன்னான், மங்கோலியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 1 முதல் 2 மி.மீ. அளவுக் குட்டி ஓடுகள் வருகின்றன. தொப்பி போன்ற லட்டூஷெல்லா, பக்கவாட்டில் நசுங்கிய அனபாரெல்லா, அதைவிட ஒல்லியான வாட்ஸொனெல்லா, சுருண்ட அல்டனெல்லா, இரண்டு மூடியுள்ள போஜெட்டையா, ஃபோர்டில்லா. கடைசி இரண்டும் அறியப்பட்ட மிகப் பழைய இருவால்விச் சிப்பிகள்.

இவற்றில் ஒன்றின் ஓடுகூட அசல் கனிமத்தோடு நம் கையில் இல்லை. லம்பத்துமேடு சொன்ன அதே காரணம். அப்படியானால் உள்ளமைப்பு எப்படித் தெரியும்? பாஸ்பேட் தயவால். விலங்கு செத்துச் சேற்றில் விழுந்த கொஞ்ச காலத்தில் ஓட்டின் உட்குழிவில் கால்சியம் பாஸ்பேட் படிந்தது. அது மிக நுண்ணிய மணியுள்ள சரக்கு. மெழுகில் கைரேகை பதிவது போல ஓட்டின் உட்பரப்பில் நின்ற படிக நுனிகள் அதில் பதிந்தன. பிறகு ஓடு கரைந்தது, பாஸ்பேட் உள்வார்ப்பு மட்டும் நின்றது. இந்தப் பதிவுகளை வைத்து ஓட்டமைப்பைப் படிக்கலாம் என்று புரூஸ் ருன்னெகர் 1985-ல் விரிவாகக் காட்டினார். பிறகு கூசின்ஸ்கி, வெண்ட்ராஸ்கோ, போர்ட்டர், செக்கா போன்றவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

பதிவுகளில் தெரிவது இரண்டு வகை. வெளியடுக்கில் பட்டகங்கள், அதாவது தேன்கூட்டு அறைபோல் பக்கம் பக்கமாக நிற்கும் தூண்கள். உள்வார்ப்பில் அவை பலகோணக் கட்டங்களாகப் பதியும். உள்ளடுக்கில் தாள்கள். இந்தத் தாள்களைத்தான் முதலில் முத்துப்படலம் என்று எண்ணினார்கள். உற்றுப் பார்த்தால் தட்டையான வில்லைகள் இல்லை. நீண்ட பட்டைகள் ஒரே திசை பார்த்து, கூரை ஓடு வேய்ந்தது போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இதற்கு இலையடுக்கு அரகோனைட் என்று பெயர் வைத்துக்கொள்வோம். போஜெட்டையாவில் இருப்பது இதுதான் என்று 2011-ல் வெண்ட்ராஸ்கோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஆக, பாடநூலில் இருந்த 'முத்துப்படலமே ஆதி' என்ற வரி இப்போது தடுமாறுகிறது.

ஒரு சாட்சி உயிரோடும் இருக்கிறது. மோனோபிளாக்கோஃபோரா என்ற தொப்பி ஓட்டுக்காரர்கள் செத்தொழிந்த கூட்டம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1952-ல் கலாதியா கப்பல் கோஸ்டா ரிகாவுக்கு அப்பால் ஆழ்கடலில் உயிரோடு பிடித்தது. அவற்றில் சில இனங்களின் ஓட்டில் முத்துப்படலம் என்று எழுதி வைத்திருந்தது உண்மையில் இந்த இலையடுக்குதான் என்று 2009-ல் செக்காவின் குழு திருத்தியது.

செம்பனை டீச்சர்:

நல்ல இழை. பள்ளி அறிவியல் கழகத்துக்கு இதைச் செய்முறையாக்க வேண்டும். கேம்பிரியன் ஓடு கிடைக்காது, சரி. ஆனால் பட்டகம், இலையடுக்கு, முத்துப்படலம், குறுக்கடுக்கு என்ற நான்கையும் பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்க எந்த ஓடு வாங்கலாம்? எங்களிடம் 400 மடங்கு சாதாரண நுண்ணோக்கி இருக்கிறது.

மட்டிக்கறி:

டீச்சர், பசாருக்கு ஒரு நடை போனால் மூன்று கிடைக்கும். மற்றது காட்டிலும் குட்டையிலும்.

கெராங்: ரத்தச் சிப்பி. முழுக்க அரகோனைட், குறுக்கடுக்கு. ஒரு பலகைக்குள் மெல்லிய குச்சிகள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும், அடுத்த பலகையில் வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். பிளைவுட் மாதிரி. விரிசல் ஒரு பலகையில் ஓடி வந்தால் அடுத்த பலகையில் வழி மாற வேண்டும், அங்கேயே களைத்துப் போகும். பலகைகள் 10 மைக்ரானுக்கு (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்) மேல் இருப்பதால் உங்கள் நுண்ணோக்கிக்கு இதுதான் முதல் பாடம்.

தீராம்: கடல் சிப்பி. கால்சைட் இலையடுக்கு. நடுநடுவே சுண்ணக்கட்டி போல் பொடியும் வெள்ளைப் பகுதி இருக்கும், அதைத் தவிர்த்து வெட்டுங்கள்.

கூப்பாங்: பச்சை மட்டி. உள்பக்கம் முத்துப்படலம்.

கீஜிங்: பழைய லம்பக் குட்டைகளில் கிடக்கும் நன்னீர்ச் சிப்பி. ஆற்றோரம் சொன்ன கேம்பிரியன் ஓட்டுக்குத் திட்டத்தில் மிக நெருக்கமானது இது. வெளியே அரகோனைட் பட்டகம், உள்ளே தாள் தாளான முத்துப்படலம், எல்லாவற்றுக்கும் மேலே பச்சை-பழுப்புத் தோல். அந்தத் தோல் கனிமமல்ல, பதமேறிய புரதம். ஓடு கட்டுகிற வேலையின் சாரமே அங்கேதான்: மேண்டில் என்ற போர்வைச் சதையின் விளிம்பு முதலில் தோலை நீட்டும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் அடைபட்ட மெல்லிய நீரில் படிகம் வளரும். தோல் இல்லையேல் கடல் நீர் புகுந்து எல்லாம் கலைந்துவிடும்.

சிப்புட் பாபி: தோட்டத்துப் பெரிய ஆப்பிரிக்க நத்தை. அரகோனைட் குறுக்கடுக்கு. உயிருள்ளதைப் பிள்ளைகள் வெறும் கையால் தொடக் கூடாது. எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும். காலி ஓட்டையும் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கொதிநீர் ஓட்டைக் கெடுக்காது. அடுப்புத் தணலில் சுட்டால் கெடும். சில நூறு டிகிரி தாண்டினால் அரகோனைட் கால்சைட்டாகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்புக்கு நீற்றிய ஓடு எதற்கும் ஆகாது. சதை போக்க குளோராக்ஸ் வெளுப்புநீரில் ஊறவைப்பவர்களும் உண்டு. ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் வில்லைகளுக்கு நடுவிலிருக்கும் புரதப் பசை போய், முத்துப்படலம் செதில் செதிலாக உதிரும்.

இனி வெட்டு. ஓட்டை எபோக்சிப் பசையில் முழுக்கப் புதைத்து ஒரு நாள் விடுங்கள். புதைக்காமல் வெட்டினால் விளிம்பு நொறுங்கும், உங்களுக்கு வேண்டிய வெளித்தோலும் பட்டகமும் விளிம்பில்தான் இருக்கின்றன. வளரும் திசையில், அதாவது கொக்கியிலிருந்து (ஓடு வளரத் தொடங்கிய கூர்முனை) விளிம்புக்கு, இரும்பறுக்கும் ரம்பத்தால் தண்ணீர் சொட்டச் சொட்ட அறுங்கள். உலர்வாக அறுத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். பிறகு கண்ணாடித் தட்டில் ஈர மணல்தாள்: 240, 400, 600, 800, 1200, 2000. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓட்டை 90 டிகிரி திருப்பித் தேயுங்கள். முந்தைய கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த எண். நடுவில் கழுவாமல் போனால் ஒரே ஒரு 240 மணி வந்து 2000-ல் கோடு போட்டுவிடும். கடைசியில் ஈரத் துணியில் அலுமினியம் ஆக்சைடு பொடி.

அரிப்பு: சமையல் வினிகர் 5 சதவீதம். 1 பங்கு வினிகருக்கு 4 பங்கு தண்ணீர் ஊற்றினால் 1 சதவீதம். அதில் 30 முதல் 60 விநாடி. பளபளப்பு மங்கினால் எடுத்துவிடுங்கள். குமிழ் சீறினால் மிஞ்சிவிட்டது என்று பொருள், 1200-லிருந்து மறுபடி தேய்க்க வேண்டும். நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்.

பிறகு உரிப்படம், அதாவது வெட்டுமுகத்தின் அச்சைத் தாளில் உரித்தெடுப்பது. வெட்டுமுகத்தை மேலே பார்க்கக் கிடைமட்டமாக வையுங்கள். அசிட்டோனை வழிய ஊற்றி, அசிட்டேட் தாளை வளைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இறக்குங்கள். கையால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் குமிழ் அடைபடும். 20 நிமிடம் கழித்து ஒரே இழுப்பில் உரியுங்கள். இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே வைத்து, நுண்ணோக்கியின் ஒளித்துளையைச் சுருக்கிப் பாருங்கள். ஒளித்துளை அகலத் திறந்திருந்தால் உரிப்படத்தில் ஒன்றும் தெரியாது.

ஒன்றை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: முத்துப்படல வில்லையின் கனம் அரை மைக்ரான் அளவுதான். ஒளி நுண்ணோக்கியின் எல்லை கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். கோடு கோடாகத் தெரியும், தனித்தனி வில்லை தெரியாது. அதைப் பார்க்க வேறு வழி: கீஜிங்கின் உட்பரப்பில், விளிம்புக்குச் சற்று உள்ளே, பக்கவாட்டு வெளிச்சம் அடித்து மேலிருந்து பாருங்கள். வளரும் படிகள் மலை வரைபடத்துச் சமவுயரக் கோடு போல வளைந்து வளைந்து போகும்.

லம்பத்துமேடு:

மட்டிக்கறி சொன்னதோடு சாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எது அரகோனைட், எது கால்சைட் என்று சொல்ல சிலர் அலிசரின் சிவப்பைப் பரிந்துரைப்பதைப் பார்க்கிறேன். தவறு. அது இரண்டையும் சிவப்பாக்கும். டாலமைட் என்ற மக்னீசியம் கலந்த கனிமத்தைப் பிரிக்கத்தான் உதவும்.

வேண்டியது ஃபைகல் கரைசல். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 11.8 கிராம் மாங்கனீசு சல்பேட், ஏழு நீர் சேர்ந்த வகை. புட்டியில் ஒரு நீர் சேர்ந்த வகை என்று போட்டிருந்தால் 7.1 கிராம். அதில் 1 கிராம் வெள்ளி சல்பேட் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்டுங்கள். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஓரிரு துளி விட்டால் கலங்கும். ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு மறுபடி வடிகட்டிப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் வீணாகும், கையில் பட்டால் கறுப்பு ஒரு வாரம் போகாது.

அரகோனைட் சில நிமிடத்தில் சாம்பலாகி, பிறகு கறுக்கும். கால்சைட் அப்படியே நிற்கும். ஆனால் அரை மணி நேரம் ஊறவிட்டால் கால்சைட்டும் மங்கத் தொடங்கும், அதனால் 10 நிமிடத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள். தீராமில் போட்டுப் பார்த்தால் வேடிக்கை: ஓடு வெள்ளையாக நிற்கும், தசை ஒட்டியிருந்த தழும்பு மட்டும் கறுக்கும். ஓடு முழுக்கக் கால்சைட்டுக்கு மாறிய சிப்பிகூடத் தசை பிடிக்கும் இடத்தில் பழைய அரகோனைட்டை விடவில்லை. கூப்பாங்கின் வெளியடுக்கையும் அதே புட்டியில் பாருங்கள், பிள்ளைகளே சொல்லட்டும்.

கித்தாக்காட்டான்:

தசைத் தழும்பு விஷயம் அருமை. அப்படியானால் ஆதியில் அரகோனைட், பிறகுதான் கால்சைட் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏன் அரகோனைட்டைத் தேர்ந்தெடுத்தன? நிலையற்றது என்று சொன்னீர்களே.

இன்னொன்று. பாஸ்பேட் உள்வார்ப்பைக் கல்லிலிருந்து எடுக்க அமிலம் வேண்டும் என்கிறார்கள். தோட்டத்தில் கித்தாப் பால் (ரப்பர் பால்) உறையவைக்கிற ஃபார்மிக் அசிட் இருக்கிறது. அது ஆகுமா?

ஆற்றோரம்:

தேர்ந்தெடுத்தது விலங்கு மட்டுமல்ல, கடலும்தான். கடல் நீரில் கால்சியத்துக்கு மக்னீசியம் அணுக் கணக்கில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்து எது எளிதாகப் படியும் என்று மாறும். விகிதம் ஏறக்குறைய 2-க்கு மேல் போனால் அரகோனைட், கீழே போனால் கால்சைட். இன்றைய கடலில் 5-க்குச் சற்று மேல். கேம்பிரியன் தொடக்கத்தில் அரகோனைட் கடல். பிறகு கால்சைட் கடலாக மாறிற்று. சூசன்னா போர்ட்டர் 2007-ல் காட்டியது இதுதான்: எந்தக் கூட்டம் எந்தக் காலத்தில் முதன்முதல் ஓடு கட்டியதோ, அந்தக் காலத்துக் கடல் எதைச் சுலபமாகக் கொடுத்ததோ அதையே பிடித்துக்கொண்டது. மெல்லுடலிகள் தொடக்கத்திலேயே கட்டியவை, அதனால் அரகோனைட். பிறகு கடல் மாறினாலும் பெரும்பாலானவை மாறவில்லை. பழகிய கை.

அமிலம். ஃபார்மிக் ஆகும், ஆனால் முதல் முறைக்கு அசிட்டிக்கையே சொல்வேன். காரணம் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கடுமை. 10 சதவீத அசிட்டிக் சுமார் 2.3, 10 சதவீத ஃபார்மிக் சுமார் 1.7. பிஎச் 3.6-க்குக் கீழே பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அதாவது சுண்ணாம்போடு சேர்த்து நீங்கள் தேடி வந்ததையும் தின்றுவிடும். 1985-ல் ஜெப்சன் குழு இதை எச்சரிக்கையாகவே எழுதியது. அதற்கு முன் எத்தனை பேர் வெறும் அமிலத்தில் போட்டு 'இந்தக் கல்லில் ஒன்றும் இல்லை' என்று வீசினார்களோ.

ஆகவே தணித்த அமிலம். 9 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் உறை (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த வெளி. அதில் 100 கிராம் தூய சுண்ணக்கல் பொடியைக் கரைத்துவிடுங்கள், பிஎச் 3.9 பக்கம் வந்து நிற்கும். 60 கிராமில் 3.6-தான் வரும், விளிம்பில் நிற்காதீர்கள். அடுத்த தடவையிலிருந்து பொடி வேண்டாம், பழைய கழிவு நீரில் ஒரு பங்கைக் கலந்தால் அதுவே தணிக்கும்.

அளவு: 1 கிலோ சுத்தச் சுண்ணாம்புக்கல்லைத் தின்ன 1.2 கிலோ அசிட்டிக் அமிலம் வேண்டும், அதாவது 10 சதவீதத்தில் 12 லிட்டர். நடைமுறையில் கடைசிப் பங்கு வேலை செய்யாமல் சோம்பும், 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கல்லை 5 செ.மீ. துண்டாக உடைத்து, வாளியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் வலைமேல் வையுங்கள். உதிர்ந்தது அடியில் அமைதியாகக் கிடக்கும், கல் உருண்டு அதை நசுக்காது. வாரத்துக்கு ஒருமுறை அடிச்சேற்றை எடுத்து, மேலே 1 மி.மீ., கீழே 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. பிறகு ஓரிரு நாள் சுத்த நீரில் ஊறவைத்து நீரை மாற்றுங்கள். அவசரப்பட்டு உலர்த்தினால் கால்சியம் அசிட்டேட் ஊசி ஊசியாக வளர்ந்து மணிகளைப் பிளந்துவிடும்.

லம்பத்துமேடு:

நம் பக்கத்துக் கல்லுக்கு ஒரு வார்த்தை. பெர்மியன் சல்லியைக் கரைத்துக் கேம்பிரியன் ஓடு தேடாதீர்கள். லங்காவியின் மாச்சிஞ்சாங் கேம்பிரியன் வயதைத் தொடும், ஆனால் அது மணற்கல். மணலில் ஓட்டின் வடிவம் பதியும், மைக்ரான் அளவு நுணுக்கம் பதியாது. அச்சின் மணியே படிகத்தைவிடப் பெரிது.

வேகாத கிந்தாச் சுண்ணாம்புக்கல்லில் தேட வேண்டியது கோனோடான்ட் (விலாங்கு போன்ற, அழிந்துபோன சின்னக் கடல் உயிர்) பற்கள். பாஸ்பேட்டால் ஆனவை, மில்லிமீட்டருக்கும் குறைவு. பேராக்கின் டெவோனியன், கார்போனிஃபெரஸ் பற்கள் 1979-லேயே விவரிக்கப்பட்டுவிட்டன. ஆற்றோரம் சொன்ன அதே வாளி, அதே சல்லடை. கை பழகிவிட்டால் எந்த நாட்டுப் பாஸ்பேட் உள்வார்ப்பும் உங்களுக்கு அந்நியமல்ல. பல்லின் நிறத்தையும் பாருங்கள்: வெளிர் மஞ்சள் என்றால் கல் சூடேறவில்லை, கறுப்பு என்றால் நன்றாக வெந்தது. இதை ஹைட்ரோகுளோரிக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஓடு சிலிக்காவாக மாறியிருந்தால்தான் அது.

மட்டிக்கறி:

ஆற்றோரத்தோடு ஒரு சண்டை. முத்துப்படலம் ஆதி இல்லை என்று ஒரே போடாகச் சொல்கிறீர்கள். சிப்பி, நத்தை, நாட்டிலஸ் (கணவாய்க்கு உறவான சுருளோட்டு உயிர்), மோனோபிளாக்கோஃபோரா நான்கிலும் முத்துப்படலம் இருக்கிறது. நான்கு கூட்டம் தனித்தனியாக ஒரே சரக்கைக் கண்டுபிடித்தன என்பதைவிட, ஒரே தாத்தாவிடமிருந்து வந்தது என்பது எளிதில்லையா? உள்வார்ப்பில் பதிவது ஓட்டின் கடைசி உட்பரப்பு மட்டும்தானே. நடு அடுக்கில் முத்துப்படலம் இருந்திருந்தால் பதிவே ஆகாது.

ஆற்றோரம்:

இரண்டாவது பாதி சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். உள்வார்ப்பு சொல்வது பரப்பை மட்டும். இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாஸ்பேட் பதிவு 2 மி.மீ.க்கு மேற்பட்ட ஓடுகளை அநேகமாகக் காப்பதில்லை. ஆக நாம் படிப்பது குட்டிகளையும் குஞ்சுகளையும். பெரிய ஓட்டில் என்ன இருந்தது என்பது அந்தச் சல்லடையில் விழவில்லை.

ஆனால் முதல் பாதியில் ஒரு ஓட்டை. நான்கு கூட்டத்திலும் இருப்பது ஒரே சரக்கு அல்ல. சிப்பியில் வில்லைகள் செங்கல் சுவர் போல் ஒன்றுக்கொன்று தள்ளி அடுக்கப்படுகின்றன. நத்தையிலும் நாட்டிலஸிலும் சில்லறைக் காசு அடுக்கியது போல் தூண் தூணாக வளர்கின்றன. மோனோபிளாக்கோஃபோராவில் ஒரு பகுதி கணக்கு மேலே சொன்னபடி போலி. மரபணுப் பக்கமும் அப்படித்தான்: டேனியல் ஜாக்சனின் குழு 2010-ல் அபலோன் நத்தையையும் முத்துச்சிப்பியையும் ஒப்பிட்டது. முத்துப்படலம் கட்டும் இடத்தில் இரண்டிலும் வேலை செய்யும் மரபணுக் கூட்டம் பெருமளவு வேறு. ஒரே தாத்தாவின் சமையல் குறிப்பு என்றால் மசாலாவாவது ஒத்துப்போக வேண்டாமா?

அசல் அரகோனைட்டோடு நிற்கும் பழைய ஓடு வேண்டுமென்றால் ஓக்லஹோமாவின் பக்ஹார்ன் தார்க் கல்லுக்கு வர வேண்டும், ஏறக்குறைய 31 கோடி ஆண்டு. கடலடியிலேயே தார் ஊறிப் போனதால் நீர் புகவில்லை, முத்துப்படலம் மினுமினுப்போடு நிற்கிறது. அதற்கும் கேம்பிரியனுக்கும் நடுவே 20 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் பேசுவது எல்லாம் அச்சும் பதிவும்தான்.

கித்தாக்காட்டான்:

ஓட்டுக்கு முன்னால் என்ன? வெறும் சதையா?

ஆற்றோரம்:

ரஷ்யாவின் வெள்ளைக் கடல் பகுதியின் கிம்பெரெல்லா 55 கோடியே 50 லட்சம் ஆண்டு. மெல்லுடலிக்கு உறவு என்று பலர் ஏற்கிறார்கள், கனிம ஓடு இல்லை. பிறகு கேம்பிரியனில் செதில்காரர்கள். வடக்கு கிரீன்லாந்தின் ஹால்கீரியா உடல் முழுக்கச் சின்னச் செதில், முன்னும் பின்னும் ஒவ்வொரு தொப்பி ஓடு. மைக்கானெல்லா என்ற தொப்பி ஓடு இன்னும் சொல்லும்: அதன் மேற்பரப்பே உள்ளீடற்ற செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டியது போல இருக்கிறது. செதில்கள் சேர்ந்து ஓடானதா என்ற யோசனை அங்கிருந்து வருகிறது. எனக்கு அது பாதி நம்பிக்கை.

ஷிஷானியாவை இதில் சேர்க்காதீர்கள். யுன்னானிலிருந்து 2024-ல் 'முள் போர்த்திய ஆதி மெல்லுடலி' என்று பெரிதாக வந்தது. 2025-ல் அது சான்செல்லோரிட், கடற்பஞ்சு போன்ற பை உயிர் என்று மறுத்துவிட்டார்கள். நசுங்கிய பையில் பாதம் தெரிந்தது கண்ணின் வேலை.

உள்வார்ப்பிலும் இதே கண்ணேமாற்றம் உண்டு. பலகோணம் எல்லாம் பட்டகம் அல்ல. வளர்ச்சிக் கோட்டைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும் குழல் என்றால் பூஞ்சையோ பாசியோ துளைத்தது. உள்வார்ப்பின் உடைந்த முகத்திலும் அதே கோலம் தெரிந்தால் அது பாஸ்பேட்டின் சொந்தத் தோற்றம், ஓட்டின் பதிவல்ல. ஓட்டமைப்பு என்றால் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகப்போக அளவு சீராக மாற வேண்டும், இரண்டு மூன்று மாதிரியில் அதே இடத்தில் வர வேண்டும்.

செம்பனை டீச்சர்:

கெராங்கும் கீஜிங்கும் தேய்த்தாயிற்று, ஃபைகலில் இரண்டும் கறுத்தன, தீராம் தழும்பும் கறுத்தது. உரிப்படம் மட்டும் வரவில்லை. தாள் ஒட்டவே இல்லை, 20 நிமிடம் கழித்துச் சும்மா கழன்று வருகிறது. பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாள்தான் பயன்படுத்தினோம்.

மட்டிக்கறி:

டீச்சர், அங்கேதான் கோளாறு. அந்தத் தாள்களில் பல பாலியெஸ்டர், அசிட்டோனுக்கு அசையாது. பெட்டியை நம்பாதீர்கள், பேர் எதுவாகவும் இருக்கும். தாளின் மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு விரலால் தொடுங்கள். பிசுபிசுத்து மங்கினால் அசிட்டேட், வழுவழுவென்றே இருந்தால் பாலியெஸ்டர். அசிட்டோனும் நகப்பூச்சு நீக்கியாக வாங்கியதென்றால் புட்டியைப் படியுங்கள். 'அசிட்டோன் இல்லாதது' என்று ஒரு வகை விற்கிறார்கள்.

தாள் கிடைக்கும் வரை நிறமில்லாத நகப்பூச்சு போதும். அரித்து உலர்ந்த முகத்தில் ஒரே பூச்சு, அரை மணி நேரம் காயவிட்டு, செலோடேப் ஒட்டி உரியுங்கள். கெராங்கின் பலகைகளும் கீஜிங்கின் பட்டகங்களும் அதில் தெரியும். பூச்சு இரண்டு தடவை கொடுத்தால் சுருங்கி வளையும், 400-ல் ஒரு ஓரம் தெளிந்தால் மறு ஓரம் மங்கும்.